மஞ்சள் கல்லுக்காரி

வீரபாகுவை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு யாரும் என்னிடம் நியாயம் கேட்டு வரமாட்டார்கள்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால், பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகளுக்கு நடுவில், சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் லேபிள் பிரெஸ் இருக்கிறது. தீப்பெட்டி, பீடிக்கட்டு, மூக்குப்பொடி, சோப்பு என்று எதற்கு லேபிள் கேட்டாலும் அங்கே அடித்துக் கொடுப்பார்கள். அடிப்பது கல்லில். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த மழமழவென்ற கனத்த கல். அதன்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒரே தாள் நான்கு தடவை மெஷினுக்குள் போய் வந்தால்தான் ஒரு லேபிள் முழுசாகும்.

ஆட்களையும் அந்த வரிசையில்தான் வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவருக்கு மஞ்சள் கல். மஞ்சளில் தப்புச் செய்தால் வெளியே தெரியாது, மேலே விழுகிற மற்ற நிறங்கள் மூடிவிடும். கை திருந்தினால் சிவப்பு. அப்புறம் நீலம். கடைசியில் கறுப்பு. கறுப்புக் கல்லில் கோடு போடுகிறவர்தான் ஹெட் ஆர்ட்டிஸ்ட். என்ன படம், எங்கே எழுத்து, எப்படி அலங்காரம் எல்லாம் அவர் முடிவு. மற்றவர்கள் அவர் போட்ட கோட்டுக்குள் நிறத்தை நிரப்பலாம், அவ்வளவுதான். லேபிளின் அடியில் பெயர் போடுகிற உரிமையும் அவருக்கு மட்டும்தான். யுத்தத்துக்கு முன்னாலிருந்தே அந்தக் கல் வீரபாகுவிடம் இருந்தது.

நான் ஜீவமணி. நாசரேத்துக்காரி. டிராயிங் ஹையர் கிரேடு பாஸ் செய்தவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தேன். அதை ஏன் விட்டேன் என்று சொல்லப் போனால் அது வேறொரு சண்டை. யுத்த காலத்தில் ஆள் கிடைக்காத நேரமாகப் பார்த்து இந்த பிரெஸ்ஸில் வந்து நின்றேன். பெருமாள் அண்ணாச்சி என் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மஞ்சள் கல்லைக் காட்டினார். சரி, எல்லோரும் ஏறுகிற படிதானே என்று உட்கார்ந்தேன்.

யுத்தம் முடிந்தது. ஊரில் விளக்கு மறைப்பெல்லாம் எடுத்தார்கள். நான் மஞ்சளிலேயே இருந்தேன்.

எனக்குப் பின்னால் வந்த வீரபாகுவின் மச்சினன் மஞ்சள் பக்கமே எட்டிப் பார்க்காமல் சிவப்பில் உட்கார்ந்தான், ஒரே வருஷத்தில் நீலத்தையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தான். அவனுக்குக் கை நடுங்கும். ஒரு ரோஜாப்பூவைப் போடச் சொன்னால் அவன் போட்டது முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும். அதை நான் மஞ்சளில் நிழல் கொடுத்து ரோஜாவாக்குவேன். கீழே "வீரபாகு" என்று கையெழுத்து விழும். வயிறு எரியுமா எரியாதா?

தொழிலைக் கற்றுக்கொடுக்கிற வழக்கமும் அங்கே கிடையாது. வீரபாகு எழுத்து வரைய உட்கார்ந்தால் கல்லின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, கை போகிற இடத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வரைவார். நான் பக்கத்தில் போனால் கை நின்றுவிடும்.

"என்னளா, மஞ்சள் காஞ்சிருச்சா?" என்பார்.

பிரெஸ்ஸில் எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள். இவர் ஒருவர்தான் வேலைக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி 'ஏளா' போடுகிறவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான், கல்லில் இடம் வலமாக எழுதுகிற தலைகீழ் எழுத்தைக் கற்றுக்கொண்டேன். வாடகை அறையில் ஒரு சிலேட்டையும் முகம் பார்க்கிற கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் எழுத்து நேராகத் தெரிகிற வரைக்கும் எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியது என் பெயர். கண்ணாடிக்குள் அது நேராக நின்ற அன்றைக்கு, இது ஒரு நாள் லேபிளில் விழுந்தே தீர வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வேறு ஆசை எதுவும் அப்போது எனக்கு இல்லை. கல்யாணப் பேச்செடுத்த அத்தையிடம்கூட அதைத்தான் சொன்னேன். அவள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பாதிரியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் காயல்பட்டினத்திலிருந்து நயினார் என்கிற வியாபாரி வந்தார். கொழும்பில் கடை வைத்திருக்கிறவர். தலைவலித் தைலம் ஒன்று புதிதாகப் போடுகிறாராம். இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்கிற ஜனங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மயில் மார்க் கொடு, யானை மார்க் கொடு என்று படத்தைச் சொல்லித்தான் கடையில் வாங்குவார்கள். அதனால் படம் கண்ணில் நிற்க வேண்டும்.

"முத்துச்சிப்பி மார்க்" என்றார் நயினார். "சிப்பி திறந்திருக்கணும். உள்ள முத்து. அந்த முத்தைப் பாத்தா எடுத்து மடியில முடிஞ்சிக்கிடலாமான்னு தோணணும். அவ்வளவுதான் நான் கேக்குதது."

வீரபாகு சிரித்தார். "தூத்துக்குடிக்காரனுக்கு முத்து வரையத் தெரியாதா பாய்?"

முத்துக்குளித்துறை என்று பெயர்தான். முத்துக் குளிப்பு நடந்தே எத்தனையோ வருஷமாயிற்று. வீரபாகு தன் ஆயுளில் ஒரு நல்ல முத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். அவர் வரைந்தார். கறுப்பில் வட்டமாக, காம்பஸ் வைத்த மாதிரி சுத்தமாக ஒரு கோடு. நயினார் புரூஃபைக் கையில் வாங்கி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்ன இது, கோழிமுட்டையா?"

வீரபாகு அதைச் சின்னதாக்கி ஒளிவட்டம் போட்டார். அடுத்த வாரம் நயினார் வந்து, "இப்ப புறாமுட்டை" என்றார். மூன்றாவது தடவை வீரபாகு ரோஷப்பட்டு முத்தைச் சுற்றி இரட்டைக் கோடு போட்டு, அதன்மேல் கறுப்பில் நட்சத்திரம் மாதிரி மினுமினுப்பும் வைத்தார். நயினார் அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பெருமாள் அண்ணாச்சியின் மேசைமேல் வைத்தார்.

"நான் சிவகாசியில குடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. வருத்தப்படாதிய."

அண்ணாச்சியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் மூலையில் மஞ்சள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வாய் அன்றைக்கு அடங்கவில்லை.

"கறுப்பை எடுத்துட்டா முத்து வந்துரும்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். வீரபாகுவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"மஞ்சக் கல்லுக்காரிக்கு வாயப் பாரு. கறுப்பு இல்லாம லேபிளா? கோடு இல்லாம படம் எங்கன நிக்கும்? ஒன் தலையிலயா?"

"முத்துக்குக் கோடு எங்க இருக்கு அண்ணாச்சி? கோடு போடப் போடத்தான் அது முட்டையாகுது."

"ஏளா, ஒனக்கு என்ன தெரியும்?"

"முட்டையை முட்டைன்னு சொல்லத் தெரியும்."

நயினார் சிரித்துவிட்டார். போகக் கிளம்பினவர் மறுபடி உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு முத்து. அவருடைய வாப்பா காலத்து முத்தாம். அதை என் கல்லின்மேல் வைத்து, "பாத்து வரையும்மா. நான் காத்திருக்கேன்" என்றார்.

அவர் போனபின் நான் நேராக அண்ணாச்சியிடம் போனேன். "இந்த லேபிள் பாஸானா ஹெட் ஆர்ட்டிஸ்ட் எடம் எனக்கு. எம் பேரு லேபிள்ல விழணும்."

"பாஸாகட்டும், பாப்போம்."

"பாப்போம்னு வேண்டாம் அண்ணாச்சி. தாரேன்னு சொல்லுங்க."

ஆர்டர் கையைவிட்டுப் போகிற நேரம். வீரபாகு கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் பார்க்காமல், "தாரேன் போ" என்றார். அந்த "போ" எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனாலும் சொல் சொல்தானே என்று நம்பினேன்.

முத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் விழுகிற பக்கம் வெள்ளை, அது யாருக்கும் தெரியும். நிழல் பக்கத்திலும், விளிம்பை ஒட்டி, ஒரு மெல்லிய வெளிச்சம் ஓடியது. தரையிலிருந்து திரும்பி ஏறுகிற வெளிச்சம் அது. நிழல் இருப்பது விளிம்பில் இல்லை, அதற்குக் கொஞ்சம் உள்ளே. முட்டைக்கும் முத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். கறுப்பே தேவையில்லை. மஞ்சளில் கொஞ்சம், சிவப்பில் கொஞ்சம், நீலத்தில் கொஞ்சம் என்று புள்ளி புள்ளியாக வைத்தால் போதும். நடுவில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடலாம். முத்தைச் சுற்றிச் சிப்பி. சிப்பியைச் சுற்றிக் கடல், அடிக்குப் போகப்போக இருண்ட நீலம். நீலம் இருண்டால்தான் வெள்ளை எரியும். மேலே மஞ்சள் பட்டையில் சிவப்பு எழுத்து. மூன்று கல்லில் லேபிள் முடிந்துவிடும். மஞ்சளிலேயே போட்டு என்னை ஊறவைத்தார்களே, அதில் ஒரு லாபம்: வெளிர் நிறத்தை எப்படிப் பேசவைப்பது என்று அந்த பிரெஸ்ஸில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

கல் கொடுக்க வேண்டியவர் வீரபாகு. அவர் மறுக்கவில்லை, ரொம்ப மரியாதையாக மூன்று கல்லை எடுத்து வைத்தார். நான்தான் ஏமாந்தேன்.

ஒரு கல்லில் ஒரு வேலை முடிந்தால், கல் இரண்டை முகத்தோடு முகம் வைத்து நடுவில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துப் பழைய படத்தை அழிப்பார்கள். நன்றாகத் தேய்க்காவிட்டால் மையின் பசை கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. மெஷினில் ஏற்றி மை தடவும்போது எழுந்து வரும். நான் கண் பூத்துப்போகும் அளவுக்குப் புள்ளி வைத்து முடித்த நீலக் கல்லை மெஷின்காரர் ஜேசுதாசன் புரூஃபுக்கு ஏற்றினார். தாளை எடுத்தவர் பனிமய மாதாவைக் கூப்பிட்டார்.

என் முத்துக்குள் ஒரு மீசை இருந்தது. முறுக்கின மீசை. போன வருஷம் அடித்த பீடி லேபிளில் இருந்த ஆளின் மீசை.

வீரபாகு எட்டிப் பார்த்தார். "அடடா, ஆம்பள முத்துல்லா பிடிச்சிருக்கா டீச்சர்!" அன்றைக்கு மட்டும் 'ஏளா' இல்லை, டீச்சர். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்கு அழுகை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவர்கள் முன்னால் அழுவதற்கு நான் நாசரேத்திலிருந்து வரவில்லை. அந்தக் கல்லைப் பின்கட்டுக்கு நானே தள்ளிக்கொண்டு போனேன். மணலைச் சலித்துப் போட்டு, மேல்கல்லைப் பிடித்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அது இரண்டு ஆள் செய்கிற வேலை. உள்ளங்கை உரிந்து தண்ணீர் சிவந்தது. ஜேசுதாசன் ஒரு தடவை வந்து நின்றார்.

"விடுங்க டீச்சர், நான் தேய்க்கேன்."

"கை வைக்காதிங்க."

மற்ற இரண்டு கல்லையும் தேய்த்தேன். அவற்றில் யார் மீசை இருக்கிறதோ யார் கண்டது! பிறகு முதலிலிருந்து வரைந்தேன். இந்தத் தடவை கல்லைப் பின்கட்டு அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

நயினார் வந்த அன்று மூன்று நிறமும் விழுந்த புரூஃபை அவர் கையில் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். தன் முத்தை எடுத்துத் தாளில் இருந்த முத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். "அண்ணாச்சி, அடிச்சிருங்க. அடுத்த கப்பலுக்கு வேணும்."

அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அறைக்குப் போய்ச் சிலேட்டை எடுத்து என் பெயரை எழுதி எழுதிப் பார்த்தேன். லேபிளில் இன்னும் பெயர் போடவில்லை. பெயர் போடுவது அண்ணாச்சி சொல்லி, எல்லோருக்கும் முன்னால் நடக்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் அண்ணாச்சி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த பிரெஸ்ஸில் என்னை யாரும் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"டீச்சரம்மா, லேபிள் நல்லா வந்திருக்கு. ஆனா வீரபாகு மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கான். சிவகாசிக்குப் போயிருவேன்ங்கான். அவன் போனா மச்சினனும் போவான். மத்த லேபிளெல்லாம் யாரு பாக்க?"

"நான் பாக்கேன்."

"பாப்பே. ஆனா பீடிக் கம்பெனிக்காரன், மூக்குப்பொடிக்காரன்லாம் ஒரு பொம்பள முன்னால வந்து நின்னு படம் சொல்லுவானா? யோசிச்சுப் பாரு."

"நயினார் பாய் சொன்னார்லா?"

அவர் பேனா மூடியைத் திருகினார். "அதனால ஹெட் எடம் அவனுக்கே இருக்கட்டும். ஒனக்கு வேற ஏதாவது பாத்துச் செய்யுதேன். இன்னொண்ணு. நம்ம பிரெஸ்ஸுல இருந்து ஹெட் ஆர்ட்டிஸ்ட் பேரு இல்லாம ஒரு லேபிள் வெளிய போனதில்ல. அதனால இதுலயும் வீரபாகு பேரப் போட்டுருவோம்."

"கறுப்பே இல்லியே. எதுல போடுவிய?"

"அதுக்குன்னு ஒரு கறுப்புக் கல்லு ஏத்துதோம்."

"நீங்க தாரேன்னு சொன்னியள்லா?"

"சொன்னேன். இல்லைங்கல. ஆனா நீ எங்கயும் போமாட்டே டீச்சரம்மா. போனாலும் எந்த பிரெஸ்ஸுல பொம்பளைக்கு எடம் குடுப்பான்? அவன் போயிருவான். நான் என்ன செய்ய, சொல்லு."

மனுஷன் வஞ்சகமாகப் பேசவில்லை. கணக்கில் சரியாகத்தான் பேசினார். அதுதான் என்னைச் சுட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

வீரபாகு அன்றைக்கே ஒரு கல்லை எடுத்து வைத்துத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு தாளில் வரிசை வரிசையாக லேபிள்கள் விழும். ஆகவே பெயரும் வரிசை வரிசையாக விழ வேண்டும். வீரபாகு, வீரபாகு, வீரபாகு. அந்தக் கல்லில் வேறு ஒன்றுமே கிடையாது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. வெறும் பெயரை அடிக்க ஒரு கல், ஒரு தனி ஓட்டம், மை, மெஷின், ஆள்! இதற்குப் பெயர் தொழிலா?

என் லேபிளை அவர் கையால்கூடத் தொடவில்லை. பார்த்தால் பெரிய அவமானம் வந்துவிடுமே. மச்சினனைத்தான் அனுப்பினார். அவன் நூலைப் பிடித்துக் கீழ் வலது மூலையை அளந்துகொண்டு போனான். எந்த லேபிளிலும் அந்த மூலையில்தான் அவர் பெயர் விழும். அந்த மூலையில் என்ன நிறம் இருக்கிறது என்று அவனும் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காதவருக்கு நான் ஏன் வலியப் போய்ச் சொல்ல வேண்டும்?

மஞ்சளும் சிவப்பும் ஓடி முடிந்தன. நீலக் கல்லை மெஷினில் ஏற்றிவிட்டு ஜேசுதாசன் வீட்டுக்குப் போனார். மறுநாள் விடிந்ததும், அவர் வந்து கதவைத் திறந்த உடனே நானும் உள்ளே போனேன். கையில் சுரண்டு கத்தி இருந்தது. கல்லில் மை பிடித்திருக்கிற இடத்தை அதனால் சுரண்டிவிட்டால் அந்த இடம் அச்சில் விழாது, தாளின் வெள்ளையாகவே நிற்கும். தப்புத் திருத்துவதற்காக வைத்திருக்கிற கத்தி.

"என்ன டீச்சர், இந்நேரத்துல?"

"ஒரு திருத்தம் இருக்கு."

குனிந்து உட்கார்ந்தேன். முதல் லேபிளில், சிப்பிக்கு நேர் கீழே, மஞ்சளும் சிவப்பும் விழாமல் வெறும் நீலமாகக் கடல் நன்றாக இருண்டு கிடக்கிற இடத்தில், என் பெயரைச் சுரண்டினேன். தலைகீழாக. ஜீவமணி. அடுத்த லேபிளில் ஜீவமணி. அதற்கடுத்ததில் ஜீவமணி. கண்ணாடி தேவைப்படவில்லை. ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. வரிசை முடிந்ததும் பிசின் தண்ணீரில் துளி திராவகம் சேர்த்து அந்த இடமெல்லாம் தடவி உலர்த்தினேன். இனி அந்த இடம் மை ஏற்காது. யார் நினைத்தாலும் அந்தப் பெயரை மூட முடியாது. மூட வேண்டுமானால் கல்லை முழுக்கத் தேய்த்து முதலிலிருந்து வரைய வேண்டும், அதை வரைய ஆள் நான் ஒருத்திதான்.

ஜேசுதாசன் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் தலைகீழ் எழுத்து வாசிக்க வரும், மெஷின்காரராயிற்றே.

"அண்ணாச்சி கேட்டா நான் என்ன சொல்ல?"

"கல்லு அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அவர் தாடையைச் சொறிந்தார். "இருவது வருசமா நான்தான் ஓட்டுதேன். எம் பேர எவன் போட்டான்?" என்றார். பிறகு மெஷினை ஓட்டினார்.

அண்ணாச்சி சுங்க ஆபீஸுக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வந்தார். அதற்குள் நீலம் அத்தனை தாளிலும் விழுந்துவிட்டது. மேல் தாளை எடுத்துப் பார்த்தவர் என் பெயரை வாய்விட்டு வாசித்தார். பிறகு கத்தினார். நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. திமிர் பிடித்தவள், உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைத்தவள், எல்லாம் சொன்னார். ஆனால் தாளைக் கிழித்துப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். இன்னொரு கட்டுத் தாளுக்கு அவர் சர்க்கார் வாசலில் மாசக்கணக்கில் நிற்க வேண்டும். கப்பலோ மறுநாள்.

"ஒழிஞ்சு போ. கறுப்பு அடிச்ச ஒடனே கட்டி அனுப்பிட்டு, நாளையோட நீ வர வேண்டாம்."

"சரி அண்ணாச்சி" என்றேன். எனக்கு வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பெயர் விழுந்துவிட்டது.

காலையில் கறுப்புக் கல்லை ஏற்றினார்கள். வீரபாகு வேட்டியைத் தழையவிட்டு, நெற்றியில் விபூதியோடு, மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். என் பெயரைப் பற்றி மச்சினன் சொல்லியிருப்பான்போல. என்னைப் பார்த்து, "கல்லுல கீறி வச்சுட்டா ஹெட் ஆயிருவியோ? கறுப்பு விழட்டும், யாரு லேபிளுன்னு அப்பத் தெரியும்" என்றார். நான் பையை எடுத்து என் தூரிகைகளை உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன்.

சரக்கு எடுக்க நயினாரும் மாட்டுவண்டியோடு வாசலில் வந்து நின்றார். கறுப்பு ஓடி வந்த முதல் தாளை ஜேசுதாசன் அவரிடமே நீட்டினார்.

நயினார் பார்த்தார். "ஜீவமணி" என்று வாசித்தார். "யாரு அண்ணாச்சி இது? இந்தப் பிள்ளையா?"

அண்ணாச்சி மென்று விழுங்கினார். "ஆமா. நம்ம டீச்சரம்மாதான்."

"நல்லாயிருக்கு. அடுத்த மாசம் பன்னீர் பாட்டிலுக்கு லேபிள் வேணும், அதுக்கப்புறம் அத்தருக்கு. இந்தக் கைதான் போடணும். வேற கை வேண்டாம்."

அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "பையைக் கீழ வையி, டீச்சரம்மா" என்றார்.

வீரபாகு தாளை நயினார் கையிலிருந்து வாங்கினார். கீழ் வலது மூலையைப் பார்த்தார். விரலால் தடவினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். ஜேசுதாசனிடம் இன்னொரு தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எல்லாத் தாளிலும் அந்த மூலையில் இருண்ட நீலம்தான் இருந்தது. அந்த நீலத்தின்மேல் கறுப்பு மை விழுந்த இடம் தெரியவே இல்லை. பக்கத்தில் என் பெயர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"ஏளா" என்றார். "எம் பேரு எங்கன இருக்கு?"

பையிலிருந்து தூரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். அவசரமே படவில்லை.

"அங்கனதான் இருக்கு அண்ணாச்சி. வெயில்ல கொண்டுபோய்ச் சாய்ச்சுப் பாருங்க."

அவர் நிஜமாகவே தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.